எல்லாரும் தரை டிக்கெட்: ஜப்பானின் அங்குரா நாடகம் பற்றி ஒரு நீளமான இழை

28 மே 2024 (தொடங்கிய கேள்வி)

இந்த மாதம் காரா ஜூரோ என்ற ஜப்பானிய நாடகக்காரர் இறந்த செய்தி கண்ணில் பட்டது. அங்குரா நாடகத்தின் பெரிய ஆள் என்று போட்டிருந்தார்கள். படங்கள் தேடினேன். வெள்ளை மாவு பூசிய உடம்புகள், கோணிய வாய்கள், கூச்சல். அறுபதுகளில் பாரிஸிலும் நியூயார்க்கிலும் நடந்ததன் ஜப்பானிய நகல் என்றுதான் எனக்குப் படுகிறது. பெயரே 'அண்டர்கிரவுண்ட்' என்பதைச் சுருக்கியதுதானாம். இதில் ஜப்பானுக்குரியது என்று என்ன இருக்கிறது? டோக்கியோவில் இருப்பவர்கள் யாராவது நேரில் பார்த்ததுண்டா?

29 மே 2024

பார்த்திருக்கிறேன், இரண்டு தடவை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த 'நகல்' விஷயம்.

அங்குராக்காரர்கள் எதிர்த்தது பழைய மரபு நாடகங்களான கபுகியையோ நோவையோ என்று பலரும் நினைக்கிறார்கள். அவர்கள் சண்டை போட்டது 'ஷிங்கெகி'யோடு. ஷிங்கெகி என்றால் 'புது நாடகம்'. 1924இல் டோக்கியோவில் த்சுகிஜி சிறு அரங்கு திறந்தபோது அது காலூன்றியது. ஐரோப்பிய யதார்த்த நாடகம்தான் அதற்கு வேதம்: இப்சன், செகாவ், ஸ்டானிஸ்லாவ்ஸ்கி. நடிகர்கள் மூக்கை ஒட்டி உயர்த்தி, செம்பட்டை விக் மாட்டி வெள்ளைக்காரர்களாக மேடையில் நின்றார்கள். ஆக, நகல் என்று யாரையாவது சொல்வதென்றால் அந்த அப்பன்மாரைச் சொல்லலாம். பிள்ளைகள் அதைக் கிழித்துப் போட்டவர்கள்.

1960 முக்கியமான வருடம். அமெரிக்காவோடு பாதுகாப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறார்கள், லட்சக்கணக்கானவர் தெருவில். ஜூன் 15 அன்று நாடாளுமன்ற வாசலில் கான்பா மிச்சிகோ என்ற மாணவி இறந்தார். அதே நாள் ஊர்வலத்தில் போன ஷிங்கெகி நடிகர்களை வலதுசாரி அடியாட்கள் ஆணி அடித்த கட்டைகளால் தாக்கினார்கள். ஒப்பந்தம் நிறைவேறியது. கம்யூனிஸ்ட் கட்சியும் அதை ஒட்டியிருந்த ஷிங்கெகி பெரியவர்களும் கைவிட்டுவிட்டார்கள் என்ற கசப்பு மாணவர்களிடம் தங்கிவிட்டது. அங்குரா முளைத்தது அந்தக் கசப்பிலிருந்து.

29 மே 2024, அரை மணி கழித்து

நீங்கள் பார்த்த வெள்ளை மாவு உடம்புகள் பெரும்பாலும் 'புத்தோ' நடனம். அங்குராவுக்குப் பங்காளி, அதே வீடு இல்லை. ஹிஜிகாதா தாட்சுமி என்ற அகிதா மாகாணத்துக்காரர் 1959 மே மாதம் ஒரு பையனையும் ஓர் உயிருள்ள கோழியையும் வைத்து ஒரு சின்ன நடனம் போட்டார். விளக்கெல்லாம் அணைந்த மேடை. நடன சங்கத்தில் ஒரே ரகளை. அங்கிருந்து தொடங்கியது அது.

31 மே 2024

'முளைத்தது' என்று எழுதிவிட்டுத்தான் கவனித்தேன். அங்குரா, அங்குரம். நம் ஊர்க் கல்யாணத்தில் பாலிகை தெளிக்கிறோமே, அந்த முளை. மண்ணுக்கடியில் கிடந்து முட்டிக்கொண்டு வருவது. மொழியியல் நண்பர்கள் அடிக்க வர வேண்டாம், சம்பந்தம் எதுவும் கிடையாது. ஆனால் ஜப்பானியக் காதுக்கு வெறும் ஒலியாக இருக்கும் ஒரு வார்த்தை நமக்கு அர்த்தத்தோடு கிடைக்கிறது. இலவச இணைப்பு.

உண்மையில் நிலத்தடியில் நாடகம் போட்டவர்கள் குறைவு. சாதோ மாகோதோ குழு ஒரு கண்ணாடிக் கடையின் அடித்தளத்தில் இருந்தது. தெராயாமா ஷூஜிக்கு ஷிபுயாவில் ஓர் அடித்தளம். சுஸுகி தாதாஷி, வசேதா பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடையின் மாடியில். காரா ஜூரோ கோயில் முற்றத்தில் கூடாரம் அடித்தார். சாதோவும் பிறகு ஒரு கறுப்புக் கூடாரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். எங்கே இடம் கிடைத்ததோ அங்கே. எனக்கு இந்த இயக்கத்தின் கதையே இந்த இடப் பிரச்சினைதான் என்று தோன்றும்.

2 ஜூன் 2024

சரி, நேரில் பார்த்த கதை.

2018 மே. எங்கள் ஆபீஸில் ஓய்வுபெற ஒரு வருடமே பாக்கி இருந்த ஒரு பெரியவர். ஏழு வருடம் எதிர் மேஜை. வானிலை தவிர வேறு எதுவும் என்னிடம் பேசியதில்லை. ஒரு நாள் "சனிக்கிழமை ஷின்ஜுகு வருகிறீர்களா, ஒரு டிக்கெட் கூடுதலாக இருக்கிறது" என்றார். எந்தப் படம் என்று கேட்டேன். "கூடாரம்" என்றார். வேறு விளக்கம் இல்லை.

ஹனஸோனோ கோயில். ஷின்ஜுகுவின் பார்களுக்கும் பேரங்காடிகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஷிண்டோ கோயில். 1967 ஆகஸ்டில் காரா தன் சிவப்புக் கூடாரத்தை முதன்முதலில் அடித்த அதே முற்றம். வாசலில் செருப்பைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே நாற்காலி இல்லை, பாய்தான். எல்லாரும் உட்கார்ந்த பிறகு ஒரு இளம் நடிகர் மேடையில் ஏறி, "எல்லாரும் ஒரு முழம் முன்னால் நகருங்கள், வெளியே இன்னும் ஆள் நிற்கிறார்கள்" என்று கெஞ்சினார். நகர்ந்தோம். மறுபடி கெஞ்சினார். மறுபடி நகர்ந்தோம். ரயிலில் தோள் இடித்துவிட்டால் பத்து தடவை மன்னிப்புக் கேட்கிற ஜனம், முன்பின் தெரியாதவர் முழங்காலைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது. முன்வரிசைக்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பைக் கொடுத்தார்கள். மேடையிலிருந்து தண்ணீர் வருமாம். வந்தது.

வசனம் எனக்கு மூன்றில் ஒரு பங்குதான் புரிந்தது. காராவின் ஜப்பானியம் சிலேடை மேல் சிலேடையாகக் கொட்டும். பக்கத்திலிருந்த பெரியவரிடம் இடைவேளையில் "இப்போது என்ன நடந்தது?" என்று கேட்டேன். "எனக்கும் தெரியவில்லை, ஐம்பது வருடமாகத் தெரியவில்லை" என்றார். முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி.

கடைசியில் கூடாரத்தின் பின்பக்கத் துணியைத் திறந்துவிடுவார்கள். காராவின் முத்திரை அது. அதுவரை துணி மறைப்புக்குள் நடந்த கதை சட்டென்று வெளியே ஓடுகிறது. நாயகி அதற்குள் புகுந்து போனாள். பின்னால் ஷின்ஜுகுவின் நியான் வெளிச்சம் மொத்தமும் கூடாரத்துக்குள் கொட்டியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

3 ஜூன் 2024

தரை டிக்கெட் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். டென்ட் கொட்டாயில் மணலைக் குவித்து உட்கார்ந்த தலைமுறை நான். ஜப்பானில் இதற்கு நேர் எதிர். மலிவு இடம் கூரைக்குப் பக்கத்தில், உச்சியில். அதன் பெயர்தான் 'தென்ஜோ சாஜிகி', கூரையடி மாடம். தெராயாமா 1967இல் தன் குழுவுக்கு வைத்த பெயரும் அதுவே. காராவின் கூடாரத்தில் அந்த ஏற்பாடே கிடையாது, எல்லாரும் தரை டிக்கெட்.

3 ஜூன் 2024, இரவு

ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார்: கோயிலில் இதற்கு எப்படி இடம் கொடுத்தார்கள்? கொடுத்தார்கள், பிறகு துரத்தினார்கள். நாடகம் ஆபாசம் என்று அக்கம்பக்கத்திலிருந்து முறையீடு. 1968இல் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அடுத்த ஜனவரியில் ஷின்ஜுகு மேற்குவாசல் பக்கம் இருக்கிற மத்தியப் பூங்காவில் அனுமதியில்லாமல் கூடாரம் அடித்தார்கள். போலீஸ் வந்து நாடகத்தை நிறுத்திவிட்டது.

5 ஜூன் 2024

மேலே எழுதியதில் பிழை, அதுவும் முக்கியமான இடத்தில். போலீஸ் நிறுத்தவில்லை. 1969 ஜனவரி 3. கலகத் தடுப்புப் படை நூற்றுக்கணக்கில் கூடாரத்தைச் சுற்றி நின்றது. ஒலிபெருக்கியில் எச்சரிக்கை. உள்ளே நாடகம் நடந்துகொண்டே இருந்தது, கடைசிக் காட்சி வரை. முடிந்த பிறகுதான் காராவையும் அவர் மனைவியும் நாயகியுமான ரீ ரெய்செனையும் கைது செய்தார்கள். அந்தப் பார்வையாளர்கள் காதில் எது வசனம், எது போலீஸ் அறிவிப்பு என்று பிரிந்திருக்குமா என்ன.

அனுமதி மறுத்த டோக்கியோ நிர்வாகத்தின் தலைவர் மினோபே ரியோகிச்சி, இடதுசாரிகள் ஆதரவில் ஜெயித்த ஆளுநர். மே 29 குறிப்பில் சொன்ன கசப்பை இங்கே ஒட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அதே மேற்குவாசலின் நிலத்தடிச் சதுக்கத்தில் 1969 கோடையில் மாணவர்கள் சனிக்கிழமைதோறும் கூடி கிடார் வாசித்துப் போர் எதிர்ப்புப் பாட்டுப் பாடினார்கள். கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகியது. ஜூலையில் நிர்வாகம் 'சதுக்கம்' என்ற பலகையைக் கழற்றி 'நடைபாதை' என்ற பலகையை மாட்டியது. சதுக்கத்தில் நிற்கலாம், நடைபாதையில் நின்றால் குற்றம். ஒரு சொல்லை மாற்றி ஓர் இடத்தையே காலி செய்துவிட்டார்கள். தினமும் அந்த வழியாகத்தான் ரயில் மாறுகிறேன். யாரும் நிற்பதில்லை.

9 ஜூன் 2024

காரா, தெராயாமா சண்டை பற்றிக் கேட்டிருந்தீர்கள். பூமாலைச் சண்டை.

ஜப்பானில் கடை திறப்பு, நாடகத் தொடக்கம் என்றால் ஆளுயர மலர்வளையம் ஒன்று அனுப்புவார்கள். தெராயாமாவின் முதல் நாடகத்துக்கு காரா அனுப்பியது ஏற்கெனவே பயன்படுத்திய பழைய வளையம். தெராயாமா பொறுமைசாலி. 1969 டிசம்பரில் காராவின் நாடகம் ஷிபுயாவில் தொடங்கியபோது ஒரு வளையம் அனுப்பிவைத்தார், சாவு வீட்டுக்கு அனுப்புகிற வளையம். ஒரு வாரம் கழித்து, 12ஆம் தேதி, காரா தன் ஆட்களோடு தெராயாமாவின் அரங்குக்குப் போனார். கைகலப்பு. இரண்டு தலைவர்களும் உட்பட ஒன்பது பேர் கைது.

பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். இரண்டு குழுவுக்கும் இதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது. திட்டமிட்டதா என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. நான் சந்தேகப்படவில்லை. நாடகக்காரர்களுக்குத் திட்டம் போட்டு அடித்துக்கொள்ள அவ்வளவு பொறுமை இருக்காது.

தெராயாமா இறந்தது 1983 மே 4. வயது 47. காரா இறந்தது 2024 மே 4. நாற்பத்தொரு வருடம் கழித்து அதே தேதி. செய்தியைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்த எண்ணம்: வளையம் யார் அனுப்பியது?

16 ஜூன் 2024

'நகல்' விஷயத்தில் கொஞ்சம் பின்வாங்குகிறேன். முதல் குறிப்பை மறுபடி படித்தேன், ரொம்பத்தான் தெம்பாக எழுதியிருக்கிறேன்.

காராவின் குழுப் பெயர் 'சூழ்நிலை நாடகக்குழு', அதாவது பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்ரிடமிருந்து எடுத்தது. 1963இல் அவர்கள் போட்ட முதல் நாடகமே சார்த்ருடையது. பெட்சுயாகு மினோருவின் நாடகங்களில் அபத்த நாடகக்காரர் பெக்கெட் எல்லா மூலையிலும் உட்கார்ந்திருக்கிறார். தெராயாமாவின் 'கூரையடி மாடம்' ஒரு பிரெஞ்சுப் படத்தின் ஜப்பானியத் தலைப்பிலிருந்து வந்தது. ஆக, வாங்கியிருக்கிறார்கள், தாராளமாகவே.

ஆனால் வாங்கியதை என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பெட்சுயாகுவின் 'யானை', 1962. பெக்கெட் பாணிதான்: வெறும் மேடை, ஒரு படுக்கை, சுற்றிச் சுற்றி வரும் பேச்சு. படுத்திருப்பவர் அணுகுண்டில் பிழைத்தவர். முதுகில் தழும்பு. முன்பு அதைக் கூட்டத்துக்குக் காட்டிக் கைதட்டல் வாங்கியவர், இப்போது மறுபடி காட்ட வேண்டும் என்று துடிக்கிறார். பாதிக்கப்பட்டவரை விளக்கேற்றிக் கும்பிடுகிற நாடகங்களுக்கு நடுவே இப்படி ஒன்று. இதற்கு முன்மாதிரி பாரிஸில் இருந்திருக்க வழியில்லை.

காராவும் அப்படித்தான். சார்த்ரை வாசலில் விட்டுவிட்டு நேரே 1603க்குப் போனார். கியோட்டோ ஆற்றுப்படுகையில் ஒகுனி என்ற பெண் ஆடியதுதான் கபுகியின் தொடக்கம் என்பார்கள். அந்த நடிகர்களுக்குச் சமூகம் வைத்த வசைப்பெயர் 'ஆற்றங்கரைப் பிச்சைக்காரர்'. நம் ஊரில் 'கூத்தாடி' என்று எந்தத் தொனியில் சொல்வார்களோ அதே தொனி. 1629இல் பெண்கள் மேடையேறத் தடை. பிறகு கபுகி பெரிய அரங்கு, பெரிய குடும்பம், பெரிய மரியாதை. காரா அந்த வசையை எடுத்துத் தலையில் சூடிக்கொண்டார். ஆற்றங்கரைக்குப் பதில் கோயில் முற்றம்.

17 ஜூன் 2024

பணத்துக்கு என்ன செய்தார்கள்? காராவும் ரீ ரெய்செனும் உடம்பெல்லாம் தங்கப்பொடி பூசிக்கொண்டு கேபரே விடுதிகளில் ஆடினார்கள். கூடாரத்துக்குக் காசு அப்படி வந்தது.

30 ஜூன் 2024

சுஸுகியை ஒரே வரியில் கடந்துவிட்டேன் என்று புகார். நியாயம்.

அவருக்குக் கால்தான் எல்லாம். நடிகர்கள் தரையை ஓங்கி மிதிக்க வேண்டும், இடுப்பு ஆடக்கூடாது, மேல்பாதி குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் இருக்க வேண்டும். பரதம் கற்றவர்கள் இதைப் படித்து 'அரைமண்டி' என்று கத்துவது இங்கே கேட்கிறது. ஒற்றுமை உண்டு, உறவு சொல்லத் தேவையில்லை. அவருடைய பெரிய நடிகை ஷிராயிஷி காயோகோ, அதற்கு முன் டோக்கியோ வட்ட அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தவர். 1974இல் 'ட்ரோஜன் பெண்கள்'. தோற்ற ட்ராய் நகரத்து அரசியின் புலம்பல், தோற்றுப்போன ஜப்பானில் வீடிழந்த ஒரு கிழவியின் நினைவாக வருகிறது.

1976இல் டோக்கியோவே வேண்டாம் என்று தொயாமா மாகாணத்து மலைகளில் தோகா என்ற கிராமத்துக்குப் போய்விட்டார். ஆளைப் புதைக்கிற பனி. செங்குத்தான கூரைபோட்ட பழைய பண்ணை வீட்டை அரங்காக்கினார். 1982இல் அங்கே உலக நாடக விழா. போய்ப் பார்க்க வேண்டும் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பஸ் நேரத்தைப் பார்ப்பேன், உலாவியை மூடிவிடுவேன்.

14 ஜூலை 2024

தெராயாமா ரசிகர்கள் கோபிக்க வேண்டாம், எனக்கு அவரிடம் ஓர் உறுத்தல் உண்டு.

அவருடைய கூர்மை பிரமிக்க வைக்கும். 1975இல் டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்தில் 30 மணி நேரத் தெரு நாடகம். டிக்கெட் வாங்கினால் கையில் ஒரு வரைபடம். எந்தத் தெருவில் என்ன நடக்கும் என்று நீங்கள்தான் தேடிப்போக வேண்டும். சம்பந்தமே இல்லாத வீட்டுக் கதவை நடிகர்கள் தட்டினார்கள். நாடகத்தின் பெயரே 'தட்டல்'. போலீஸ் வந்தது. இன்னொன்றில் அரங்கு முழு இருட்டு, பார்வையாளர்களுக்குத் தீக்குச்சி கொடுத்துவிடுவார்கள். பார்க்க வேண்டுமென்றால் கொளுத்திக்கொள். எரிகிறவரை நாடகம்.

உறுத்தல் இது. குழு தொடங்கியபோது அவர் கொடுத்த ஆள்தேவை விளம்பரத்தில் விசித்திர நடிகர்கள், குள்ளர்கள், ராட்சதர்கள், அழகிய சிறுமிகள் தேவை என்று இருந்தது. முதல் நாடகத்தின் தலைப்பே ஒரு கூனனைப் பற்றியது. பழைய பொருட்காட்சிக் கொட்டகைகளுக்கு மரியாதை செய்கிறார், 'சாதாரண' உடம்பின் அதிகாரத்தை உடைக்கிறார் என்று விளக்குவார்கள். அந்த விளக்கம் எனக்குப் புரிகிறது. கூப்பிடப்பட்டவர்கள் தங்கள் பக்கத்தைச் சொல்லி அதிகம் படிக்கக் கிடைப்பதில்லை என்பதும் புரிகிறது.

கதவு தட்டப்பட்ட வீட்டுக்காரம்மா பக்கமும் நான் யோசிப்பதுண்டு. இருபது வயதில் படித்தபோது அவரைப் பார்த்துச் சிரித்தேன். இப்போது இரவு பத்து மணிக்கு யாராவது மணி அடித்தால் நான்தான் அந்த அம்மா.

15 ஜூலை 2024

மேலே கடுமையாகிவிட்டது, ஈடுகட்ட ஒன்று. 1970இல் ஒரு குத்துச்சண்டை மங்காவில் (ஜப்பானியச் சித்திரக்கதை) ரிகியிஷி என்ற பாத்திரம் செத்துப்போனது. மார்ச்சில் தெராயாமா அதற்கு நிஜ இறுதிச்சடங்கு நடத்தினார். பத்திரிகை வெளியிட்ட பதிப்பகத்தின் கட்டடத்தில், புத்த பிக்கு வந்து மந்திரம் ஓத. சுமார் 700 பேர் வந்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் உட்பட.

இதற்கும் வளையம் அனுப்பினார்களா என்று கேட்காதீர்கள்.

20 அக்டோபர் 2024

இழை செத்துவிட்டது என்று நினைத்தேன், யாரோ கிண்டியிருக்கிறார்கள். "எல்லாம் கூச்சல்தானா?" என்ற கேள்விக்கு: ஓதா ஷோகோ என்ற நாடகக்காரர். 1981இல் 'நீர் நிலையம்'. ஒரு வார்த்தை கிடையாது. மேடையில் ஒரு குழாய், நூல்போல் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொருவராக வருவார்கள், குடிப்பார்கள், போவார்கள். இரண்டு மீட்டர் நடக்க ஐந்து நிமிடம். யாராவது வாய் வைக்கும்போது தண்ணீர்ச் சத்தம் நிற்கும், அந்த நிசப்தம் தூக்கிவாரிப்போடும். கேரளத்து இயக்குநர் சங்கர் வெங்கடேஸ்வரன் இதை இந்தியாவில் மேடையேற்றியிருக்கிறார்.

காராவைவிட ஓதாவைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன் என்று இதை எழுதும்போதுதான் தெரிகிறது. நான் பார்த்தது பதிவு மட்டும், அதுவும் மடிக்கணினியில். நடுவில் எழுந்து போய்ச் சமையலறைக் குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்தேன்.

11 மே 2025

நேற்று மறுபடி ஹனஸோனோ போனேன். காரா இல்லாத குழு, அதே சிவப்புக் கூடாரம். ஓய்வுபெற்ற பெரியவருக்குத் தொலைபேசினேன், சிபாவிலிருந்து வந்தார். முழங்கால் ஒத்துழைக்காததால் ஓரமாக ஒரு சின்ன ஸ்டூல் கேட்டு வாங்கினார். "துரோகம்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

ஜூன் 2 குறிப்புக்கு ஒரு திருத்தம். கடைசியில் துணி திறந்தபோது இந்தத் தடவை குறிப்பாகக் கவனித்தேன். நியான் வெளிச்சம் கொட்டவில்லை. தெரிந்தது கோயில் மரங்கள், ஒரு கல் விளக்கு, அப்பால் ஒரு கட்டடத்தின் பின்சுவர், அதில் ஏசி பெட்டிகள். பெரியவரிடம் "2018இல் நியான் இருந்ததே?" என்றேன். "அன்றைக்கும் இதே சுவர்தான்" என்றார். நியானை நான் எங்கேயோ பார்த்த புகைப்படத்திலிருந்து கொண்டுவந்து ஒட்டியிருக்கிறேன். ஏழு வருடமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டும் திரிந்திருக்கிறேன்.

மயிர்க்கூச்செறிந்தது மட்டும் நிஜம். நேற்றும் ஆயிற்று, ஏசி பெட்டிகளைப் பார்த்தே.

12 மே 2025

டிக்கெட் எப்படி என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். முன்பதிவு உண்டு, நாலாயிரம் யென் சொச்சம். வரிசை எண்ணை ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள், ஜப்பானியத்தில் எண் தெரிந்தால் போதும். தண்ணீர் குறைவாகக் குடித்துவிட்டுப் போங்கள், நடுவில் உட்கார்ந்தால் எழுந்து வெளியே வர வழி கிடையாது. சாக்ஸில் ஓட்டை இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.